ஜாக்-ஈவ் கூஸ்தோ

ஜாக்-ஈவ் கூஸ்தோ (ஜூன் 11, 1910 – ஜூன் 25, 1997) பிரான்சு நாட்டைச் சேர்ந்த கடற்படை அதிகாரி, கடலாய்வாளர், திரைப்பட இயக்குநர், நூலாசிரியர் ஆவார். பொறியியலாளர் எமீல் கான்யானுடன் இணைந்து 1943 ஆம் ஆண்டில் ஆக்குவா-லங் என்னும் நீரடி மூச்சுக் கருவியை இவர் உருவாக்கினார். இன்று உலகெங்கும் பயன்படும் ஸ்கூபா கருவிகளின் முன்னோடி இதுவே. இக்கருவியைப் பாதுகாப்பாகப் பயன்படுத்துவதற்கான அடிப்படைத் திறன்கள் பலவும் இவரும் இவருடைய தோழர்களும் கடலில் தாமே செய்து பார்த்துக் கற்றவையாகும்.

இளமை

கூஸ்தோ பிரான்சின் தென்மேற்கில், போர்தோ நகருக்கு அருகில் உள்ள சான்-ஆந்த்ரே-த-குப்சாக் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை பெயர் தானியேல், தாயார் பெயர் எலிசபெத். பியேர்-அந்துவான் என்ற அண்ணன் ஒருவரும் இவருக்கு இருந்தார். சிறு வயதிலேயே நீச்சலிலும் திரைப்படக் கருவிகளிலும் கூஸ்தோவுக்கு ஆர்வம் ஏற்பட்டது.

1930 இல் பிரெஞ்சுக் கடற்படைக் கல்லூரியில் சேர்ந்து பீரங்கிப் பிரிவு அதிகாரியாகத் தேர்ச்சி பெற்றார். கடற்படை விமானியாக வேண்டும் என்பதே இவரது விருப்பமாக இருந்தது. ஆனால் விமானப் பயிற்சிக் காலத்தில் நடந்த கார் விபத்தில் இரு கைகளிலும் கடுமையான காயம் ஏற்பட்டது. விமானியாகும் வாய்ப்பு அத்துடன் முடிந்தது. பின்னர் துலோன் துறைமுகத்திற்கு அனுப்பப்பட்டார். அங்கு உடன் பணிபுரிந்த பிலிப் தையே, கைகள் வலுப்பெற நீந்துமாறு இவருக்கு யோசனை கூறினார்.

1936 இல் துலோன் கடற்கரையில் நீர்க்கண்ணாடி ஒன்றை அணிந்து முதன்முறையாகக் கடலடியைத் தெளிவாகக் கண்டார். இவரது வாழ்க்கையின் திசை இதன் பின்னரே மாறியது. 1937 இல் சிமோன் மெல்கியோர் என்பவரை மணந்தார். இவர்களுக்கு ஜான்-மிஷேல், பிலிப் என இரு மகன்கள் பிறந்தனர். இதே காலத்தில் தேர்ந்த நீரடி வேட்டைக்காரரான பிரெடரிக் துமாவும் இவர்களுடன் சேர்ந்துகொண்டார். கூஸ்தோ, தையே, துமா ஆகிய மூவரும் பல ஆண்டுகள் ஒன்றாகவே கடலில் இறங்கினர்.

முந்தைய கருவிகள்

கூஸ்தோவுக்கு முன்பும் நீரடியில் மூச்சுவிடக் கருவிகள் இருந்தன. கனத்த செம்புத் தலைக்கவசமும் ஈயக் காலணியும் அணிந்த சுழியோடிகள், மேலே உள்ள படகிலிருந்து குழாய் வழியாக வரும் காற்றை நம்பியிருந்தனர். இவர்கள் கடலடியில் நடக்க முடியுமே அன்றி நீந்த முடியாது. 1860களில் ரூக்கெரோல், தெனெரூஸ் என்ற இரு பிரெஞ்சுக்காரர்கள், சுழியோடி மூச்சை இழுக்கும்போது மட்டும் காற்றைத் தரும் சீராக்கியை அமைத்தனர். எனினும் போதிய அழுத்தத்தில் காற்றை அடைத்து வைக்கும் உருளைகள் அக்காலத்தில் இல்லை. 1920களிலும் 1930களிலும் ஈவ் ல பிரியர் என்ற கடற்படை அதிகாரி, அழுத்திய காற்று உருளையுடன் கூடிய கருவியை உருவாக்கினார். அதில் காற்று இடைவிடாது வெளியேறிக்கொண்டே இருந்தது. அதனைக் கையால் கட்டுப்படுத்த வேண்டியிருந்தது. காற்றும் விரைவில் தீர்ந்துபோனது.

கூஸ்தோ முதலில் தூய ஆக்சிசன் பயன்படுத்தும் கருவிகளைச் சோதித்தார். ஆக்சிசன் அழுத்தம் மிகும்போது நரம்பு மண்டலத்தைத் தாக்கும் நஞ்சாக மாறுகிறது. இன்றைய அறிவின்படி, தூய ஆக்சிசனுடன் சுமார் 6 மீட்டருக்குக் கீழே செல்வது ஆபத்தானது. அக்காலத்தில் இந்த எல்லை சரிவர அறியப்படவில்லை. கூஸ்தோ இருமுறை நீரடியில் வலிப்புக்கு உள்ளாகி உயிர் தப்பினார். இதன் பின்னர் ஆக்சிசனைக் கைவிட்டு, அழுத்திய சாதாரணக் காற்றின் பக்கம் திரும்பினார்.

ஆக்குவா-லங்

1942 இன் இறுதியில் பாரிசு நகரில் கூஸ்தோ, எமீல் கான்யானைச் சந்தித்தார். கான்யான் ஏர் லிக்கீத் என்ற வளிம நிறுவனத்தில் பொறியியலாளராக இருந்தார். சிமோனின் தந்தையும் அதே நிறுவனத்தில் உயர் பொறுப்பில் இருந்ததால் இச்சந்திப்பு நிகழ்ந்தது. போர்க்காலத்தில் பெட்ரோல் தட்டுப்பாடு நிலவியதால் கார்களை வளிமத்தில் ஓட்ட வேண்டியிருந்தது. அதற்காகக் கான்யான் சீராக்கி ஒன்றை அமைத்திருந்தார். அதனை நீரடியில் மூச்சுவிடுவதற்கு ஏற்ப இருவரும் மாற்றியமைத்தனர்.

இதன் அடிப்படை எளிமையானது. சீராக்கியினுள் நெகிழ்வான சவ்வு ஒன்று உள்ளது. சவ்வின் ஒரு பக்கத்தைச் சுற்றியுள்ள நீர் அழுத்துகிறது. சுழியோடி மூச்சை இழுக்கும்போது மறுபக்கத்தில் அழுத்தம் குறைந்து சவ்வு உள்நோக்கி வளைகிறது. அது நெம்புகோலைத் தள்ளி அடைப்பிதழைத் திறக்கிறது. காற்று வெளிவருகிறது. மூச்சிழுப்பது நின்றதும் அடைப்பிதழ் மூடிக்கொள்கிறது. எந்த ஆழத்திலும் சுற்றியுள்ள நீரின் அழுத்தத்திற்குச் சமமான காற்று கிடைப்பதால் நுரையீரல் எளிதாக விரிகிறது. கைகளும் வேறு வேலைக்கு விடுபடுகின்றன.

1943 சனவரியில் மார்ன் ஆற்றில் நடந்த முதற் சோதனை வெற்றி பெறவில்லை. நிமிர்ந்து நின்றபோது காற்று வீணாகப் பீறிட்டது. தலைகீழாக இருந்தபோது மூச்சிழுப்பது கடினமாயிற்று. மூச்சுக்காற்று வெளியேறும் வாயும் சவ்வும் வெவ்வேறு உயரங்களில் இருந்ததால் அவற்றிடையே நீரழுத்த வேறுபாடு ஏற்பட்டதே இதற்குக் காரணம் எனக் கண்டறிந்தனர். வெளியேறும் வாயைச் சவ்வின் அருகிலேயே அமைத்ததும் குறை நீங்கியது.

1943 சூனில் பந்தோல் அருகே மத்தியதரைக் கடலில் கூஸ்தோ புதிய கருவியுடன் இறங்கினார். மேலே சிமோன் நீந்தியபடி கண்காணித்தார். கரையில் துமா உதவிக்கு ஆயத்தமாக இருந்தார். கூஸ்தோ நீரில் புரண்டும் குட்டிக்கரணம் போட்டும் தலைகீழாக நின்றும் கருவியைச் சோதித்தார். எந்த நிலையிலும் காற்று தடையின்றி வந்தது. அக்கோடையில் குழுவினர் பல நூறு முறை நீரில் மூழ்கினர். போர் முடிந்த பின்னர் இக்கருவி விற்பனைக்கு வந்தது.

ஆழத்தின் ஆபத்துகள்

கருவி கிடைத்தது. ஆனால் அதனைப் பயன்படுத்தும் முறையைக் கற்றுத்தர அப்போது எவரும் இல்லை. எனவே குழுவினர் தங்கள் உடல்களையே சோதனைக்கு உட்படுத்தினர்.

ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்திற்கும் நீரின் அழுத்தம் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அளவு கூடுகிறது. அழுத்தம் கூடும்போது நைதரசன் மூளையில் மயக்கத்தை உண்டாக்குகிறது. மது அருந்தியவர் போலச் சுழியோடி களிப்படைகிறார், தன் பாதுகாப்பை மறக்கிறார். 1943 அக்டோபரில் 60 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்திற்குச் சென்ற துமா இந்த மயக்கத்தை நன்கு உணர்ந்தார்.

1946 ஆகத்து 27 இல் கூஸ்தோவும் துமாவும் தென் பிரான்சிலுள்ள வொக்குலூஸ் ஊற்றின் குகைக்குள் இறங்கினர். ஆழத்தில் இருவருக்கும் கடும் மயக்கம் ஏற்பட்டது. உயிர் பிழைத்ததே அரிது. பின்னர் ஆராய்ந்தபோது, உருளைகளை நிரப்பிய காற்றழுத்தி தன் புகையையே உள்ளிழுத்திருந்ததும், காற்றில் கார்பன் மோனாக்சைடு கலந்திருந்ததும் தெரியவந்தன. மேலே கயிற்றைப் பிடித்திருந்த மொரீஸ் ஃபார்க் என்னும் கடற்படைச் சுழியோடி, கயிற்றை இழுத்து அவர்களை மீட்க உதவினார்.

அடுத்த ஆண்டு, 1947 செப்டம்பரில், ஆழ எல்லையை அறியும் சோதனையில் அதே ஃபார்க் இறங்கினார். குறிப்பிட்ட ஆழங்களில் கயிற்றில் பலகைகள் கட்டப்பட்டிருந்தன. சுழியோடி தான் எட்டிய பலகையில் கையொப்பமிட வேண்டும். ஃபார்க் 120 மீட்டர் பலகையில் கையொப்பமிட்டார். பின்னர் அவரிடமிருந்து சைகை வரவில்லை. மேலே இழுக்கப்பட்டபோது வாய்க்கவ்வி அவரது வாயிலிருந்து நழுவியிருந்தது. பல மணி நேரம் முயன்றும் அவரைக் காப்பாற்ற முடியவில்லை. ஆக்குவா-லங் கருவியுடன் இறந்த முதல் சுழியோடிகளுள் ஒருவர் இவர். சாதாரணக் காற்றுடன் செல்லத்தக்க எல்லை 90 மீட்டர் என்று இதன் பின்னர் குழுவினர் கருதினர். இன்று பொழுதுபோக்குச் சுழியோடுதலுக்கு 40 மீட்டரே எல்லையாகக் கொள்ளப்படுகிறது.

கடற்படை ஆய்வுக் குழுவும் பயிற்சியும்

1945 இல் பிரெஞ்சுக் கடற்படை துலோனில் நீரடி ஆய்வுக் குழு ஒன்றை அமைத்தது. தையே இதன் தலைவராக இருந்தார். கூஸ்தோவும் துமாவும் இதில் பணியாற்றினர். போரின்போது கடலில் இடப்பட்ட கண்ணிவெடிகளை அகற்றுதல், மூழ்கிய கப்பல்களை ஆராய்தல், புதிய சுழியோடிகளுக்குப் பயிற்சி அளித்தல் ஆகியவை இக்குழுவின் பணிகளாயின. 1948 இல் துனீசியாவின் மகுதியா கடலில் மூழ்கிக் கிடந்த பழைய உரோமானியக் கப்பலை இக்குழு ஆராய்ந்தது. ஸ்கூபா கருவியுடன் நடத்தப்பட்ட முதல் தொல்லியல் பணிகளுள் இதுவும் ஒன்றாகும்.

அக்காலக் கருவியில் சீராக்கி முதுகுப்புறம் இருந்தது. அதிலிருந்து இரண்டு நெளிகுழாய்கள் வாய்க்கவ்விக்கு வந்தன. ஒன்று காற்றைக் கொணர்ந்தது, மற்றொன்று மூச்சுக்காற்றை வெளியேற்றியது. வாய்க்கவ்வி நழுவினால் இரு குழாய்களிலும் நீர் புகுந்துவிடும். அதனால் ஒவ்வொரு சுழியோடியும் பின்வரும் திறன்களை ஐயமின்றிக் கற்க வேண்டியிருந்தது.

வாய்க்கவ்வியை மீட்டல்: நழுவிய வாய்க்கவ்வி தலைக்கு மேலே மிதக்கும். கையைப் பின்னே உயர்த்தி அதனைப் பிடித்து, வாயில் பொருத்தி, மூச்சுவெளியேறும் குழாய் கீழே இருக்குமாறு இடப்பக்கம் சாய்ந்து ஊத வேண்டும். அப்போது நீர் வெளியேறும்.

முகமூடியை வெறுமையாக்கல்: முகமூடிக்குள் நீர் புகுந்தால், அதன் மேல் விளிம்பை நெற்றியோடு அழுத்தி, முகத்தைச் சற்று நிமிர்த்தி, மூக்கால் மூச்சு விட வேண்டும். உட்புகும் காற்று நீரைக் கீழ் விளிம்பு வழியாக வெளியேற்றும்.

காற்றைப் பகிர்தல்: ஒருவரது காற்று தீர்ந்தால் இருவரும் ஒரே வாய்க்கவ்வியை மாற்றி மாற்றிப் பயன்படுத்தினர். இதற்கு அமைதியும் ஒழுங்கும் வேண்டும். பின்னாளில் இரண்டாவது வாய்க்கவ்வி பொருத்தும் வழக்கம் ஏற்பட்டதால் இம்முறையின் தேவை பெரிதும் குறைந்தது.

மேலேறுதல்: ஆழத்தில் நிரம்பிய நுரையீரல் மேலேறும்போது விரியும். 10 மீட்டரிலிருந்து நீர்மட்டம் வருவதற்குள் காற்றின் கன அளவு இரு மடங்காகிறது. மூச்சை அடக்கினால் நுரையீரல் கிழியக்கூடும். எனவே மெதுவாக, மூச்சை நிறுத்தாமல் மேலேற வேண்டும்.

பயிற்சி உலகெங்கும் பரவுதல்

ஆக்குவா-லங் அமெரிக்காவிற்கும் பிரித்தானியாவிற்கும் சென்றபோது கருவியை வாங்கியவர்கள் பலர் முறையான பயிற்சி இன்றியே நீரில் இறங்கினர். இதனால் பயிற்சி முறைகளை வகுக்கும் தேவை எழுந்தது. கலிபோர்னியாவிலுள்ள ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிறுவனத்தில் கான்ராட் லிம்பா 1950களின் தொடக்கத்தில் அறிவியலாளர்களுக்கான பயிற்சியைத் தொடங்கினார். இப்பயிற்சியைப் பின்பற்றி, 1954-55 காலத்தில் லாசு ஏஞ்செலசு மாவட்ட நிர்வாகம் பொதுமக்களுக்கான பயிற்சியை ஏற்படுத்தியது. லிம்பாவே 1960 மார்ச்சில் பிரான்சின் காசி நகருக்கு அருகே நீரடிக் குகை ஒன்றில் வழி தவறி இறந்தார். தேர்ந்த ஆசிரியருக்கும் குகை தனிப் பயிற்சி வேண்டும் இடம் என்பதை இந்நிகழ்வு காட்டியது.

1953 இல் பிரித்தானியாவில் சுழியோடிகளின் சங்கம் தோன்றியது. 1959 இல் மொனாக்கோவில் பல நாட்டுச் சங்கங்கள் கூடி உலக நீரடிச் செயற்பாடுகள் கூட்டமைப்பை நிறுவின. கூஸ்தோ இதன் முதல் தலைவராகி 1973 வரை பதவி வகித்தார். 1960 இல் நாவி, 1966 இல் பாடி ஆகிய பயிற்சி அமைப்புகள் அமெரிக்காவில் தோன்றின.

இவ்வமைப்புகள் பலவற்றில் டைவ்மாஸ்டர் என்பது தொழில்முறைச் சுழியோடியின் முதற் படியாகும். இந்நிலைக்குப் பயில்பவர் மேற்கண்ட அடிப்படைத் திறன்களை முன்பே அறிந்தவர்தான். எனினும் அவற்றைப் பிறர் பார்த்துக் கற்கும் தரத்தில் செய்து காட்ட அவர் மீண்டும் பழக வேண்டும். நீரடியில் பேச முடியாது. செய்து காட்டுவதே அங்கு மொழி. எனவே ஒவ்வொரு அசைவும் மெதுவாகவும், தனித்தனிப் படிகளாகவும், மாணவரின் கண்ணுக்குத் தெரியும் கோணத்திலும் அமைய வேண்டும். முகமூடியை நொடியில் வெறுமையாக்கும் திறமையாளர், விளிம்பை அழுத்துவதையும் நிமிர்வதையும் மூச்சு விடுவதையும் பிரித்துக் காட்டத் தவறினால் அது போதாது. அவசரமாகச் செய்யப்படும் காட்சி மாணவருக்கு அச்சத்தையே கற்பிக்கும். பயில்பவரின் ஒவ்வொரு செயலுக்கும் பயிற்றுநர் மதிப்பெண் இட்டு, குறை இருப்பின் திரும்பச் செய்யச் சொல்வார்.

கலிப்சோ கப்பல்

1950 இல் கூஸ்தோவுக்குக் கலிப்சோ என்னும் கப்பல் கிடைத்தது. இது அமெரிக்காவில் கட்டப்பட்டுப் பிரித்தானியக் கடற்படைக்குக் கண்ணிவெடி அகற்றப் பயன்பட்டது. பின்னர் மால்ட்டாவில் பயணிகள் படகாக இருந்தது. லோயல் கின்னஸ் என்ற செல்வந்தர் இதனை வாங்கி, ஆண்டுக்கு ஒரு பிராங்கு என்ற பெயரளவு வாடகைக்குக் கூஸ்தோவிடம் அளித்தார். 1951 இல் இக்கப்பல் செங்கடலுக்கு ஆய்வுப் பயணம் சென்றது. சிமோன் பல ஆண்டுகள் இக்கப்பலிலேயே வாழ்ந்து அதன் நிர்வாகத்தைக் கவனித்தார்.

துமாவுடன் இணைந்து கூஸ்தோ எழுதிய அமைதி உலகம் என்ற நூல் 1953 இல் வெளிவந்தது. லூயி மாலுடன் இணைந்து இயக்கிய அதே பெயர் கொண்ட திரைப்படம் 1956 இல் கான் திரைப்பட விழாவின் உயரிய விருதையும், பின்னர் சிறந்த ஆவணப்படத்திற்கான ஆஸ்கார் விருதையும் பெற்றது. 1957 முதல் 1988 வரை மொனாக்கோ கடலாய்வு அருங்காட்சியகத்தின் இயக்குநராகப் பணியாற்றினார். 1968 இல் தொடங்கிய இவரது தொலைக்காட்சித் தொடர் கடலடி உலகைப் பல நாட்டு மக்களின் வீடுகளுக்குக் கொண்டு சென்றது.

நீரடி வீடுகள்

1962 இல் மார்செய் அருகே 10 மீட்டர் ஆழத்தில் அமைத்த அறையில் அல்பேர் பால்கோ, குளோத் வெஸ்லி ஆகிய இருவர் ஒரு வாரம் தங்கினர். 1963 இல் சூடான் நாட்டின் செங்கடல் பகுதியில் நீரடிக் குடியிருப்பு ஒன்று அமைக்கப்பட்டது. அங்கு குழுவினர் ஒரு மாதம் வாழ்ந்தனர். இது பற்றிய திரைப்படமும் ஆஸ்கார் விருது பெற்றது. 1965 இல் ஆறு பேர் 100 மீட்டர் ஆழத்தில் ஏறத்தாழ மூன்று வாரங்கள் தங்கினர். இவர்கள் நைதரசனுக்குப் பதிலாக ஈலியம் கலந்த வளிமத்தைச் சுவாசித்தனர். செலவு மிகுதியாலும் கூஸ்தோவின் நாட்டம் கடல் பாதுகாப்பின் பக்கம் திரும்பியதாலும் இம்முயற்சிகள் தொடரவில்லை.

சுற்றுச்சூழல் பணிகள்

1960 இல் கதிரியக்கக் கழிவுகளை மத்தியதரைக் கடலில் கொட்டும் திட்டத்தைக் கூஸ்தோ எதிர்த்தார். பொதுமக்களின் எதிர்ப்பால் அத்திட்டம் நிறுத்தப்பட்டது. 1970களில் கடலைப் பாதுகாக்கும் நோக்கில் கூஸ்தோ சங்கத்தை நிறுவினார். அண்டார்க்டிக்காவில் சுரங்கம் தோண்டுவதற்கு எதிராகக் கையெழுத்து இயக்கம் நடத்தினார். 1991 இல் கையெழுத்தான மாட்ரிட் உடன்பாடு அக்கண்டத்தில் சுரங்கத் தொழிலுக்குத் தடை விதித்தது.

விமர்சனங்கள்

அமைதி உலகம் திரைப்படத்தில் மீன்களைக் கணக்கெடுப்பதற்காகப் பவளப்பாறையில் வெடி வைக்கும் காட்சியும், சுறாக்களைக் கொல்லும் காட்சியும் உள்ளன. இவை பிற்காலத்தில் கடுமையாக விமர்சிக்கப்பட்டன. மார்செய் அருகே கிராண்ட் கொங்குலுவே தீவில் 1952 முதல் நடந்த தொல்லியல் பணியில் ஒரே கப்பல் எனக் கருதப்பட்டது, ஒன்றன்மேல் ஒன்றாக மூழ்கிய இரு கப்பல்கள் எனப் பின்னர் அறியப்பட்டது. அண்ணன் பியேர்-அந்துவான் செருமானிய ஆதரவுப் பத்திரிகையாளராக இருந்ததற்காக 1946 இல் மரண தண்டனை பெற்றார். பின்னர் தண்டனை குறைக்கப்பட்டு விடுவிக்கப்பட்டார். கூஸ்தோ 1941 இல் எழுதிய கடிதம் ஒன்றில் யூதர்களுக்கு எதிரான சொற்கள் இருந்ததும் இவரது மறைவுக்குப் பின் விவாதிக்கப்பட்டது.

இறுதிக் காலம்

1979 சூன் 28 இல் இளைய மகன் பிலிப் லிசுபன் அருகே நடந்த விமான விபத்தில் இறந்தார். தந்தையின் பணியைத் தொடர்வார் எனக் கருதப்பட்டவர் இவரே. 1988 இல் கூஸ்தோ பிரெஞ்சு அகாதமியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1990 இல் சிமோன் காலமானார். அடுத்த ஆண்டு கூஸ்தோ பிரான்சீன் திரிப்லேவை மணந்தார். 1996 சனவரியில் சிங்கப்பூர் துறைமுகத்தில் கலிப்சோ மீது மற்றொரு கலம் மோதியதால் கப்பல் மூழ்கியது. அதனை மீண்டும் கடலில் காணாமலே, 1997 சூன் 25 இல் பாரிசில் தம் 87 ஆம் வயதில் கூஸ்தோ காலமானார். உடல் பிறந்த ஊரிலேயே அடக்கம் செய்யப்பட்டது.

தாக்கம்

இன்றைய ஸ்கூபா கருவியில் இரட்டைக் குழாய்களுக்குப் பதிலாக ஒற்றைக் குழாயும், காற்று அளவுமானியும், மிதப்பைக் கட்டுப்படுத்தும் மேலங்கியும், ஆழமும் நேரமும் காட்டும் கணிப்பொறியும் உள்ளன. ஆயினும் மூச்சிழுக்கும்போது மட்டும் காற்றைத் தரும் சீராக்கியின் அடிப்படை மாறவில்லை. முகமூடியை வெறுமையாக்குதல், நழுவிய வாய்க்கவ்வியை மீட்டல், காற்றைப் பகிர்தல், மூச்சை நிறுத்தாமல் மேலேறுதல் ஆகிய திறன்கள் இன்றும் முதல் நாள் மாணவருக்கும் டைவ்மாஸ்டர் பயிற்சி பெறுபவருக்கும் பொதுவான பாடங்களாக உள்ளன.